இருபத்து நாலாவது கம்பம்

சாலையோரத்து இருபத்து நாலாவது கரண்டுக் கம்பத்தடியில் சாமிதுரை உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தான் என்பதே சரி. கையிரண்டையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சைப் பிடிக்கப் பார்த்தான், பிடிபடவில்லை, அப்படியே பக்கவாட்டில் சரிந்து புழுதியில் மல்லாந்தான். பக்கத்திலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்த அவன் மனைவி உண்ணாமலை குதித்து இறங்கி ஸ்டாண்டு போட்டாள். கைக்கடிகாரம் ஏழு நிமிடம் நாலு விநாடி காட்டியது. இன்னும் ஆறு கம்பம் பாக்கி. முப்பது கம்பத்தை ஏழு நிமிடத்துக்குள் தாண்ட வேண்டும். அப்போதுதான் போலீஸ் செலக்‌ஷனில் கேட்கிற ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் கணக்குக்கு வரும். இவன் இருபத்து நாலிலேயே விழுந்துகொண்டிருந்தான். நேற்றும் இதே கம்பம், முந்தாநாளும் இதே கம்பம். கம்பத்தில் யாரோ கயிறு கட்டி வைத்திருப்பதுபோல அந்த இடம் வந்ததும் கால் மடங்கியது.

"நெஞ்ச அடைக்குது புள்ள" என்றான், மூச்சு கொஞ்சம் திரும்பியதும்.

"பேசாத மாமா. மொதல்ல மூச்ச விடு."

"எங்கப்பாவுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ரெட்டிபாளையத்துக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிற மண்சாலை அது. ஆறு மணிக்கு லாரிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் ஆள் நடக்க முடியாது. அதனால் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். நாலு வயது மகள் வீட்டில் மாமியார் பொன்னாயியிடம் தூங்கிக்கொண்டிருக்கும்.

சாமிதுரை அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவன். அவன் அப்பாவும் அங்கேதான் தூக்கினார். நாற்பத்தாறாவது வயதில், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் நடக்க முடியும் என்கிற நிலைக்கு வந்து, ஒரு மழைக்காலத்தோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தன் நெஞ்சுக்குள்ளும் சிமெண்டு இறுகிக்கொண்டு வருகிறது என்பதில் சாமிதுரைக்குச் சந்தேகமே இல்லை. உண்ணாமலை அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, நல்லாருக்கு" என்றார். வெளியே வந்ததும் இவன் கேட்டான், "படத்துல தூசி தெரியுமா?" நம்பாதவனுக்கு டாக்டர் சொன்னால் என்ன, சாமியே வந்து சொன்னால் என்ன.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு ஒட்டிவிட்ட சமயம் அது. செலக்‌ஷன் அரியலூரிலா பெரம்பலூரிலா என்று டீக்கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. கடைசியில் பெரம்பலூர் என்று கடிதம் வந்தது. இன்னும் பதினெட்டு நாள். ஏற்கெனவே ஒரு தடவை போய் மூன்றாவது சுற்றில் விழுந்தவன் சாமிதுரை. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் அப்பா மூட்டை சுமந்து நடந்த பலகையிலேயே அவனும் கடைசி வரை நடக்க வேண்டியதுதான். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. உண்ணாமலைக்குத்தான் அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்காது.

அவள் ரெட்டிபாளையம் பஸ் ஸ்டாப்பில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படித்தவள், கணக்கில் கெட்டி. அன்று பதினொரு மணிக்குக் கரண்டு ஆபீஸ் லைன்மேன் வைரக்கண்ணு தங்கச்சிக்குப் போன் பேச வந்தார். லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் பேச்சு ஓட்டத்தைப் பற்றி வந்தது. இவள் முப்பது கம்பத்தைச் சொன்னாள்.

"எந்தக் கம்பம்?" என்றார் வைரக்கண்ணு.

"கம்பம்னா கம்பம்தாண்ணே. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல அம்பது மீட்டர்."

"அது ஊருக்குள்ள, வூட்டு லைன்ல. நீங்க எங்க ஓடுறீங்க?"

"குவாரி ரோட்டுல."

வைரக்கண்ணு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் இருமலாக மாறியது. "அது ஹைடென்ஷன் லைன்மா. பெரிய கம்பம். நானே நட்டது. ஒண்ணுக்கொண்ணு அறுவத்தஞ்சு மீட்டருக்குக் கொறையாது."

உண்ணாமலை ரசீதுத் தாளைத் திருப்பிப் போட்டுப் பெருக்கினாள். முப்பது கம்பம் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அப்படியானால் ஆயிரத்து ஐந்நூறு எங்கே முடிகிறது? இருபத்து மூன்றாவது கம்பத்தில். இருபத்து மூன்றைத் தாண்டும்போது கடிகாரம் ஆறே முக்கால் நிமிடம் காட்டும், தினமும் பார்த்திருக்கிறாள். ஆக, இந்த மனுஷன் தினமும் ஓட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டு, அதற்கு அடுத்த கம்பத்தில் போய்த் தோற்று விழுந்துகொண்டிருக்கிறான். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று பூத்தில் பில் போட்டதெல்லாம் தப்பு.

சாயந்திரம் சொன்னபோது சாமிதுரை முதலில் நம்பவில்லை. பிறகு ரசீதுத் தாளை வாங்கி, பெருக்கலை விரல்விட்டுச் சரிபார்த்து, மகளைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுப் பிடித்தான். அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாரி ரோட்டுக்குப் போய், இருபத்து மூன்றாவது கம்பத்தில் செங்கல் துண்டால் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தான். அந்தக் கோட்டைத்தான் இழுத்திருக்கக் கூடாது. ஆனால் அதை அப்போது யார் கண்டது. இரண்டு பேரும் கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவன் கிளம்பியதே ஒரு தோரணையாக இருந்தது. ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது. உண்ணாமலை சைக்கிளை மிதித்துக்கொண்டே மனசுக்குள் யூனிபார்ம் தைக்கக் கொடுத்துவிட்டாள். பதினாறில் அவன் தோள் ஏறி இறங்கத் தொடங்கியது. பதினேழில் இடது கையால் நெஞ்சைத் தடவினான். பதினெட்டாவது கம்பத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாமா?"

"அடைக்குது" என்றான். அவன் முகத்தில் இருந்த பயத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த நாளும் பதினெட்டு. அதற்கடுத்த நாள் பதினேழு. கோடு இழுக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போன கம்பங்கள் இவை. சாமிதுரைக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. நோய் முற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பொன்னாயி, மகன் தள்ளாடி வந்து படுத்ததைப் பார்த்துவிட்டு, "அவருக்கும் இப்புடித்தான் வெடுக்குன்னு கொறஞ்சுது" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தம்மாள் பாசத்தில்தான் சொன்னாள். அது அவனுக்கு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"நான் போவல" என்றான் அன்று. "அங்க போயி நாலு பேரு முன்னாடி விழறதுக்கு, இங்கயே மூட்டையத் தூக்கிட்டுப் போறேன். கடுதாசியக் கிழிச்சுப் போடு."

அவள் கடிதத்தை எடுத்துப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். பூட்டிய சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வைரக்கண்ணு திரும்ப பூத்துக்கு வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல் உருட்டினார்.

"ஃபியூஸ் போறது பாத்திருக்கியாம்மா? லைன் எரிஞ்சா ஃபியூஸ் போவும்னு நெனைக்கிறாங்க. அப்புடி இல்ல. லைன் எரிஞ்சிரக் கூடாதுன்னுதான் முன்னாடியே ஃபியூஸ் போவுது. லைனு நல்லாத்தான் இருக்கும். ஒங்கூட்டுக்காரன் மண்டையில யாரோ சன்னக் கம்பியாப் போட்டு வச்சிருக்கான்."

"அத எப்புடிண்ணே மாத்துறது?"

"மண்டைக்கு நான் லைன்மேன் இல்லம்மா" என்றார் அவர்.

அன்று மதியம் அவள் பூத்தை அரைநாள் சாத்திவிட்டு, சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். அவனை அங்கே வைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூட்ஸ் ஷெட்டில் வேகன் நின்றது. லாரியிலிருந்து வேகனுக்குப் பலகை போட்டிருந்தார்கள். மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. சாமிதுரை தலையில் சாக்குத் துணியைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு, லாரிக்கு முதுகைக் காட்டி நின்றான். மேலே நின்ற இரண்டு பேர் மூட்டையை அவன் தலையில் இறக்கினார்கள். அவன் பலகை அதிர நடந்து, வேகனில் போட்டுவிட்டு, வந்து திரும்ப முதுகைக் காட்டி நின்றான். மூட்டை தலையில் இருக்கும்போதே பக்கத்தில் வந்தவனைக் கேலி செய்தான். ஒரு பாட்டை முணுமுணுத்தான். உண்ணாமலை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டாள். அவன் நெஞ்சைத் தடவவே இல்லை. அதே நெஞ்சுதானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தாடிக்காரர் வியர்வையை வழித்துக்கொண்டு, "லாரில இன்னும் எத்தன கெடக்குண்ணே?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், நாலு பக்கமும் கூச்சல் எழுந்தது. மேஸ்திரி பெரியசாமி வேகனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "எவன்டா எண்ணுனவன்? வாங்குடா எல்லாருக்கும் டீ!" என்றார். அது அங்கே சட்டம். தூக்குகிறவன் லாரிக்குள் திரும்பிப் பார்க்கக் கூடாது, எத்தனை பாக்கி என்று கேட்கக் கூடாது. எண்ணுவதற்கு என்று தனியாகக் கம்பெனி ஆள் ஒருவர் மறுபக்கம் நின்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவள் பெரியசாமியிடமே கேட்டாள். "ஏண்ணே கேக்கக் கூடாது?"

"எண்ணுனா கனக்கும் தங்கச்சி" என்றார் அவர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு. "நூறு பாக்கின்னு தெரிஞ்சா அந்த நிமிசமே கழுத்து வலிக்கும். அஞ்சு பாக்கின்னு தெரிஞ்சா அதவிட மோசம், காலு நடுங்கும். லாரி காலியானா மேல உள்ளவன் பலகையத் தட்டுவான். அதுவரைக்கும் நமக்கு ஒரே ஒரு மூட்டதான். தலையில இருக்குறது."

அதற்குப் பிறகு வந்த லாரி காலியாகிறவரை அவள் நின்று பார்த்தாள். மேலே நின்றவன் பலகையைத் தட்டினான். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அதுவரை இரும்பாக நடந்துகொண்டிருந்த ஆறு பேரும் இருந்த இடத்திலேயே தொப்தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஒருவன் படுத்தே விட்டான். ஒரு விநாடிக்கு முன்னால் இவன் ஐம்பது கிலோவைச் சுமந்து நின்றான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது உண்ணாமலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாலையோரக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் வந்தபோது அவளுக்கு ஒரு முடிவு இருந்தது.

வீட்டில் அளவு டேப்பை எடுத்து சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி அளந்தாள். சரியாக ஏழு அடி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு எழுநூற்று மூன்று சுற்று. சக்கரத்தின் ஒரு கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டினாள். சக்கரம் ஒரு சுற்று வந்தால் துணி, சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் பட்டு 'டப்'பென்று அடிக்கும். மறுநாள் விடியற்காலை அவனை எழுப்பினாள்.

"நான்தான் வரலன்னு சொன்னேன்ல."

"போலீசுக்கு வரவேணாம். எங்கூட ஏரிக்கு வா."

மழை பொய்த்த வருடம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வண்டலில் கல்லாகிப் போன சிப்பிகள் காலில் குத்தின. நல்லவேளையாக அங்கே ஒரு கம்பம் இல்லை, ஒரு மரம் இல்லை. மாடு நடந்த தடம் ஒன்று வளைந்து வளைந்து கரைவரை போனது.

"நான் நில்லுன்னு சொல்ற வரைக்கும் ஓடு. எவ்வளவு தூரம்னு கேக்கக் கூடாது. கேட்டா நூறு சுத்து கூட."

"இது என்னடி கூத்து?"

"ஒங்க மேஸ்திரி சட்டம். நீ முதுவக் காட்டு, நான் எண்ணிக்கிறேன்."

சாமிதுரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு ஓடினான். முதல் நாள் அவள் இருநூறு சுற்றிலேயே நிறுத்திவிட்டாள். "என்ன, அவ்வளவுதானா?" என்று அவனே ஏமாந்துபோனான். அன்றே மறுபடி ஓடவிட்டு ஐந்நூறு வரை கொண்டுபோனாள். அடுத்த நாள் முந்நூற்று ஐம்பது. அதற்கடுத்த நாள் அறுநூறு. என்றைக்கு எவ்வளவு என்று அவளுக்கே கிளம்பும்போதுதான் தெரியும். இரண்டு தடவை வாய்தவறிக் கேட்டான். இரண்டு தடவையும் இரக்கமில்லாமல் நூறு கூட்டினாள். "மகராசி, நீ ஏன் போலீசுக்குப் போவக் கூடாது?" என்று திட்டிக்கொண்டே ஓடினான். எண்ணிக்கொண்டே சைக்கிள் மிதிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாய் எண்ணும், கண் பள்ளம் பார்க்கும், காது அவன் மூச்சைக் கேட்கும். வீட்டுக்கு வந்து தோசை சுடும்போதும் தலைக்குள் டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருந்தது.

செலக்‌ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது முதல் தடவையாக எழுநூற்று மூன்று வரை விட்டாள். நானூற்று அறுபது வாக்கில் அவன் கை நெஞ்சுக்குப் போனது. அவளுக்கு உயிரே இல்லை. நில்லு என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அவன் தோள் ஏறியது, மூச்சு கீச்சிட்டது, ஐம்பது அறுபது சுற்றுக்கு அந்தப் பாடு. நிற்க வேண்டிய இடம் எது என்று தெரியாததால் நிற்பதற்கு ஓர் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு, வெயில் காலத்துச் சுழற்காற்று வந்து போகிற மாதிரி, அது அவனை விட்டுப் போய்விட்டது. மூச்சு தாழ்ந்தது. இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு, இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு என்று சீராக வந்தது. அவள் நிறுத்தியபோது ஏழு நிமிடம் ஒன்பது விநாடி; வெடிப்பும் பள்ளமுமான தரைக்கு அது மோசமில்லை.

அவன் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டே இருந்தான்.

"அடைச்சுது" என்றான்.

"பாத்தேன்."

"அடைச்சுட்டு… போயிருச்சு புள்ள." அதை அவனால் நம்ப முடியவில்லை. கரைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். "அப்பாவுக்கு அது போவாது. நின்னாலும் போவாது, ஒக்காந்தாலும் போவாது. ராத்திரி பூரா செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருப்பாரு. இது அது இல்ல." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி விழுந்துவிட்டது என்றான். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து அவன் முதுகில் கையை வைத்தாள். முதுகு நனைந்து, சூடாக, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. இந்த மனுஷன் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று அவளுக்கு அழுகையும் ஆங்காரமுமாக வந்தது. "வா, இங்கயே நின்னு பேசிப் பேசி ஷெட்டுக்கு லேட்டாக்காத" என்று அதட்டினாள்.

செலக்‌ஷன் அன்று அவள் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பெரம்பலூர் பஸ்ஸில் அவன்தான் மைதானத்துப் பேச்சை எடுத்தான். "அங்க ரவுண்டு ட்ராக்குடி. மூணே முக்கா சுத்து. வேணான்னாலும் கணக்குத் தெரிஞ்சிரும்."

உண்ணாமலை இதை யோசிக்காமல் இல்லை. நாலு நாளாக இதைத்தான் யோசித்தாள். பதில்தான் இல்லை. "நீ என்ன பண்ணப் போற?"

"கோட்டுல நிக்கிறவனுக்குச் சம்பளம் குடுத்துதான நிப்பாட்டி வச்சிருக்காங்க. அவன் எண்ணட்டும். எனக்கு ஒரு மூட்டதான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குரல்தான் தைரியமாக இருந்தது. மடியில் இருந்த கை கடிதத்தின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தது.

மைதானத்துக்குள் பெண்டாட்டிமார்களை விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஜல்லி கொட்டியிருந்தது. அம்மாக்களும் மனைவிகளும் அதில் ஏறி நின்று சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலையும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மூன்றாவது குழுவில் சாமிதுரை. மார்பில் ஐம்பத்தேழு. இருபது பேருக்கு நடுவில், முண்டியடிக்காமல், யாருக்கோ வழிவிட்டு நிற்கிறவன்போலக் கடைசி வரிசையில் நின்றான். விசில் ஊதினார்கள்.

முதல் சுற்றில் பையன்கள் காலில் நெருப்புப் பட்டதுபோலப் பறந்தார்கள். சாமிதுரை பதினாறாவதோ பதினேழாவதோ ஆளாக வந்தான். கோட்டருகே நின்ற அதிகாரி ஒவ்வொரு சுற்றுக்கும், "இன்னும் மூணு! இன்னும் ரெண்டு!" என்று மெகாபோனில் கத்தினார். உண்ணாமலைக்கு அந்த வாயை அடைக்க வேண்டும்போல இருந்தது. கத்தக் கத்த முன்னால் ஓடியவர்களின் கால் தளர்வதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். மூன்றாவது சுற்று, போன தடவை அவன் விழுந்த சுற்று. எதிர்ப்பக்க வளைவில் அவன் இடது கை நெஞ்சுக்குப் போனது. தடவியது. அவளுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள், "என்னம்மா, ஒடம்பு முடியலியா?" என்று தோளைத் தொட்டபோதுதான் தான் மூச்சே விடாமல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இங்கே சைக்கிள் இல்லை, எண்ணுவதற்குச் சக்கரம் இல்லை, அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் ஒருவன் தடுமாறி ட்ராக்கை விட்டு விலகி உட்கார்ந்தான். சாமிதுரை அவனைத் தாண்டினான். கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. பிறகு அந்தக் கை கீழே இறங்கி மற்றக் கையோடு சேர்ந்து வீசத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவன் யாரையும் முந்தவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள்தான் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கடைசி வளைவில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரை நிமிடம். மிச்சம் நூறு மீட்டர். அதற்கு மேல் அவளால் முள்ளைப் பார்க்க முடியவில்லை. ஏழெட்டுப் பேர் கும்பலாகக் கோட்டைத் தாண்டினார்கள், தாண்டிய இடத்திலேயே சுருண்டார்கள், ஒருவன் குனிந்து வாந்தியெடுத்தான். நேரம் வைத்திருந்தவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே போனார். என்ன எழுதினார் என்பது மத்தியானம் பலகையில் ஒட்டும்போதுதான் தெரியும். ஆனால் ஐம்பத்தேழு அங்கே விழுந்து கிடந்தவர்களில் இல்லை.

அவன் ஓடிக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டி, கும்பலைச் சுற்றிக்கொண்டு, அடுத்த வளைவுக்குள் போய்விட்டான். "யோவ் அம்பத்தேழு! முடிஞ்சிருச்சுய்யா! எங்கய்யா போற?" என்று மெகாபோன் அலறியது. ஜல்லிமேல் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "யாரும்மா அது, நிக்கவே தெரியாதா அந்தப் புள்ளைக்கி?" என்றாள் ஒருத்தி. ஒரு போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே அவனைப் பிடிக்க ஓடினார். பத்தடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

உண்ணாமலை சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவு திரும்பி அவன் அவள் நின்ற சுவரோரமாகவே வந்துகொண்டிருந்தான். காலியான ட்ராக்கில் தனியாக, வாய் லேசாகத் திறந்து, எதிரே எதையும் தேடாத கண்களோடு. இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு. அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.